வெங்காயக் கட்சியும் சுண்ணாம்புக் கட்சியும்

குளவி கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் ஒருநாளும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. மாமியார் சுண்ணாம்பு என்பார். மாமனார் இரும்பு என்பார். என் கணவர், "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று செல்போனை எடுப்பார்; அவர் பார்த்துச் சொல்வதற்குள் வீக்கம் வந்து, இருந்து, வடிந்தே போய்விடும். நான் வெங்காயக் கட்சி. விராலிமலைப் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களில் பாதி இன்னும் பரணில்தான் கிடக்கின்றன. அதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. ஆனால் வெங்காயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சின்ன வெங்காயத்தை இரண்டாக நறுக்கிக் கொட்டின இடத்தில் தேய்த்தால் கடுப்பு இறங்கும் என்பது எங்கள் வீட்டில் கேள்வி கேட்காத உண்மை.

"வெங்காயம் சாம்பாருக்கு" என்று அத்தை சொல்வார். "கடிக்குச் சுண்ணாம்புதான்."

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் மாமா. கீரனூரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் எங்கள் வீடு. நான் தினமும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவேன். மாமா ஓய்வு பெற்ற கண்டக்டர். இரும்பு வைத்தியம் அவருக்குப் பஸ்ஸில் கிடைத்தது. ஜன்னல் வழியாக எது பறந்து வந்து யாரைக் கொட்டினாலும், டிரைவர் கையிலிருக்கும் ஸ்பேனரை வாங்கி அந்த இடத்தில் தேய்ப்பாராம். எல்லோரும் குணமாகி இறங்கிப் போனார்களாம். "எறங்கிப் போனாங்கன்னா அவங்க ஸ்டாப் வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று அத்தை ஒருமுறை சொன்னார். மாமா அன்று முழுக்க அத்தை போட்ட காபியைத் தொடவில்லை.

இத்தனை வைத்தியம் பேசிய வீட்டில், குளவி கொட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. குளவி எங்கள் வீட்டு விருந்தாளி.

அந்தப் பங்குனி மாதத்தில் ஒரு மண்குளவி வந்து, ஹாலில் வாசற்கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச் பெட்டியின் ஓரமாகக் கூடு கட்டத் தொடங்கியது. முதலில் ஒரு சுண்டைக்காய் அளவு மண். மறுநாள் எலுமிச்சை. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்படியிலிருந்து அத்தை ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏத்தா! கைய வெக்காத! கொளவி கூடு கட்டுனா வீட்ல புள்ள பொறக்கும். தானா வந்துருக்கு. அதப் போயி..."

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. விளக்குமாற்றைக் கீழே வைத்தேன். வேறென்ன செய்வது? பிள்ளை வேண்டாம் என்றா சொல்ல முடியும்? வேண்டும் என்றுதான் எனக்கும். அதைச் சுவரைப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்ததுதான் எரிச்சல்.

அன்று முதல் அந்தக் கூட்டுக்கு ராஜமரியாதை. அது வளர்ந்து வளர்ந்து ஃபேன் ரெகுலேட்டர் மேலேயே ஏறிவிட்டது. ஏறிய நேரத்தில் ஃபேன் ஒன்றாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. திருகினால் கூடு உடையும். ஆகவே பங்குனி, சித்திரை இரண்டு மாத வெயிலுக்கும் எங்கள் ஹாலில் ஃபேன் ஒன்றிலேயே ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்கு. அதன் இறக்கைகளில் ஒட்டியிருந்த நூலாம்படையை நிதானமாகப் பார்த்து ரசிக்கலாம். மாமா சட்டையைக் கழற்றிவிட்டு, அந்தப் பெரிய வயிறு ஏறி இறங்க, அதற்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, "வர்ற பேரனுக்காகப் பொறுத்துக்குவோம்" என்பார். கரண்டு போனபோது எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பேரன்தானா என்பதிலும் தகராறு. செம்மண்ணில் கட்டினால் ஆண், கரிய மண்ணில் கட்டினால் பெண் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் குளவி முதலில் எங்கிருந்தோ செம்மண்ணைக் கொண்டுவந்தது. பிறகு தெருக்குழாயடிச் சேறு கிட்டத்தில் கிடைக்கவும் அதற்கு மாறிவிட்டது. பாதிக் கூடு சிவப்பு, பாதிக் கூடு கறுப்பு. எதிர்வீட்டு அக்கா வந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "ரெட்டப் புள்ளக்கா. ஆணொண்ணு, பொண்ணொண்ணு" என்று அத்தையிடம் தீர்ப்புச் சொன்னார்.

இந்த எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். காபித்தூள் வாங்க வருவார், காபித்தூள் திருப்பித் தர வருவார், சும்மாவும் வருவார். வந்ததும் முதலில் கதவுக்குப் பின்னால் எட்டிக் கூட்டைப் பார்ப்பார். அப்புறம் திரும்பி என் வயிற்றைப் பார்ப்பார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்து, "என்னத்தா, ஆபீஸ் லீவா?" என்பார். அவர் மட்டுமில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடக் கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலிண்டரை வைத்துவிட்டுச் சிரித்தார். கூடு, வயிறு, முகம். எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருடைய கண்ணும் அந்த வரிசையிலேயே நடந்தது. நான் துப்பட்டாவை இழுத்து இழுத்துவிட்டே ஒரு துப்பட்டா நைந்துபோனது.

குளவியின் மேல் எனக்குக் கோபமில்லை, உண்மையாகவே. விடிந்ததும் போகிறது, வேலை பார்க்கிறது, பொழுது சாயத் திரும்புகிறது. என்னைப் போலத்தான். பஸ் டிக்கெட் மட்டும் கிடையாது.

மண்குளவி சும்மா போகிறவரைக் கொட்டாது. நசுக்கினால்தான் கொட்டும். எங்கள் வீட்டில் அதற்கும் வசதி செய்து வைத்திருந்தோம். சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில்தான் எல்லோருடைய துண்டும் தொங்கும்.

முதல் பலி என் கணவர். குளித்துவிட்டு வந்து துண்டை எடுத்துப் பிடரியைத் துடைத்தவர், "அம்மா!" என்று அலறினார். மூன்று வைத்தியர்களும் ஒரே நேரத்தில் ஓடினோம். அத்தை வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்துக்கொண்டு வந்தார். நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டு வந்தேன். மாமா ஸ்கூட்டர் சாவியோடு வந்தார். அவர் பிடரி ஒன்றுதான், கைகள் ஆறு. மேலே சுண்ணாம்பு, அதன்மேல் வெங்காயம், இரண்டையும் கலக்கிவிடுகிற மாதிரி சாவி. சுண்ணாம்பு வெந்த எரிச்சலில் குளவியின் கடுப்பை அவர் மறந்தே போனார்.

"பாத்தியா, கடுப்பு போயிருச்சா?" என்றார் அத்தை.

"போயிருச்சும்மா. இப்ப எரியுது."

"எரிஞ்சாத்தான் வெசம் முறியுதுன்னு அர்த்தம்."

"வெங்காயம் வெச்சதுனால போச்சுங்கத்தே" என்றேன்.

"சாவி" என்றார் மாமா.

கொட்டின குளவிக்கு என்ன ஆயிற்று என்று அத்தை துண்டை மெல்ல உதறிப் பார்த்தார். அது பறந்துபோய்க் கூட்டில் உட்கார்ந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. பெற்ற பிள்ளை பிடரியில் கொழுக்கட்டை மாதிரி வீங்கி நிற்கிறான். இவர் குளவியிடம் போய், "பயப்படாத" என்கிறார்.

அதன்பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. துண்டை உதறாமல் தொடக்கூடாது. ஆனால் பலமாக உதறக்கூடாது, கூட்டுக்குக் காற்றுப்படும். குழந்தையை எழுப்புவதுபோல உதறவேண்டும். மாமா அப்படித்தான் நயமாக உதறினார். அது போதாமல் அவருடைய முழங்கையில் கொட்டு வாங்கினார். அவருக்கு அவரே சாவி தேய்த்துக்கொண்டார். பிறகு அந்தச் சாவியை எங்கே வைத்தார் என்று தெரியாமல் சாயங்காலம் வரை வீடே தேடியது. கடைசியில் சுண்ணாம்பு டப்பாவுக்குள் இருந்தது. அத்தை தெரியாமலா போட்டிருப்பார்?

அடுத்தது நான்.

அன்று ஆலங்குடி அத்தை வந்து தங்கியிருந்தார். என் மாமியாருக்கு அக்கா. பையில் முந்திரிப்பருப்பும் வாயில் வைத்தியமுமாக வருகிறவர். கூட்டைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி வந்திருந்தார். எனக்குக் காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டு ஓடிவந்து, சட்டத்தை மறந்து, துண்டை எடுத்து அப்படியே முகத்தில் அழுத்தினேன். இடது புருவத்துக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். என் கண்ணுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு வரக்கூடாது என்று நான் கத்தினேன். அதையாவது கேட்டார்கள், கன்னத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நெற்றியில் வெங்காயம், நானே வைத்துக்கொண்டது. சாவி புருவத்தில். என் கணவர் இந்தமுறை செல்போனில் சீக்கிரமாகவே பார்த்துவிட்டுப் பற்பசையைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஒரு கண் மூடிவிட்டது. இன்னொரு கண்ணால் பார்க்கிற அளவுக்கு முகம் நன்றாகவும் இல்லை.

ஆலங்குடி அத்தை மட்டும் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "மேல பூசி என்னடி செய்யிறது? வெசம் உள்ளயில்ல எறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சுவரோரமாக முளைத்துக் கிடந்த குப்பைமேனியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அம்மியில் வைத்து உப்போடு அரைத்து, பிழிந்து, ஒரு டம்ளரில் நீட்டினார்.

"குடி."

"அய்யய்யோ, பெரியத்தே, இதப் பூசத்தானே செய்வாங்க?"

"பூசுறவங்க பூசுவாங்க. எங்க ஊர்ல நாங்க குடுக்குறது இப்புடித்தான். மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடி."

பஸ்ஸுக்கு நேரமாகிறது. குடித்தால் விடுவார்கள். குடித்தேன்.

குப்பைமேனிச் சாறு என்ன செய்யும் என்று சளிப் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. கொல்லைக்கு ஓடி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு, முதல்நாள் சாப்பிட்டதையும் சேர்த்து எடுத்தேன்.

நான் நிமிர்ந்தேன். என் மாமியார் அவருடைய அக்காவைப் பார்த்தார். அக்கா தங்கையைப் பார்த்தார். இரண்டு பேரும் திரும்பி, திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாக ஹாலில் கூட்டைப் பார்த்தார்கள். பிறகு என் வயிற்றை.

"ஏத்தா" என்றார் அத்தை, குரல் இறங்கி. "எத்தன நாளாச்சு?"

"அத்தே, இது அந்தச் சாறு குடிச்சதுல வந்தது."

"நான் எத்தன பேருக்குக் குடுத்துருக்கேன்" என்றார் ஆலங்குடி அத்தை. "இப்புடி ஒருத்தியும் எடுத்ததில்ல."

"கூடு கட்டியிருக்கு. ஒன்னையத் தேடி வந்து கொட்டியிருக்கு. வாந்தியும் எடுத்துருக்க. இன்னும் என்னத்தா வேணும்?" என்றார் என் மாமியார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் மனம் தானாக ஒரு கணக்குப் போட்டது. நாள் தள்ளித்தான் போயிருந்தது. எனக்கு அது அடிக்கடி தள்ளிப்போகும், அதை ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை. ஆனால் அத்தையின் முகத்தை அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றபோது, திறந்த வாயை மூடிக்கொண்டேன். கணக்குப் பிள்ளையாக வேலை பார்க்கிறவள், படித்தவள், மண்ணைப் பார்த்து நாள் எண்ணினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

அதற்குள் அத்தை சர்க்கரை டப்பாவோடு வந்து என் வாயில் ஒரு பிடி போட்டார். என் கணவர், "டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார். "கொளவியவிட ஒன் டெஸ்டு பெருசா?" என்று அவர் வாயிலும் ஒரு பிடி விழுந்தது. எதிர்வீட்டு அக்கா காபித்தூள் இல்லாமலே வந்து நின்றார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

டெஸ்ட் கிட் வாங்கலாம் என்று கணவர் அன்றே தனியாகச் சொன்னார். நான்தான், "ரெண்டு நாள் போகட்டுங்க" என்றேன். இல்லை என்று காட்டிவிட்டால்? அந்த ரெண்டு நாளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாமா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். திருச்சி ரூட்டில் ஓடுகிற கண்டக்டர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். மறுநாள் காலை நான் ஏறியதுமே, கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பஸ்ஸே கேட்கும்படி, "யாராச்சும் எந்திரிங்கய்யா! நம்ம அண்ணன் வீட்டு மருமக, மாசமா இருக்கு!" என்றார்.

மூன்று பேர் எழுந்தார்கள். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். பக்கத்து சீட் அம்மா கேட்டார். "கண்ணுல என்னத்தா?"

"கொளவிங்க."

"அப்ப ஆம்பளப் புள்ளதான். சுண்ணாம்பு வெச்சியா?"

பின்சீட்டிலிருந்து ஒருவர், "சுண்ணாம்பு கண்ணுக்கு ஆகுமா? வெங்காயம் தேய்க்கச் சொல்லுங்க" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. "புளியக் கரைச்சுப் போடணும்" என்றது முன்பக்கம். மாத்தூர் வருவதற்குள் பஸ் மூன்றாகப் பிரிந்துவிட்டது. டிரைவர் மட்டும் கண்ணாடியில் பார்த்து, "இரும்புண்ணே, இரும்பு" என்றார். அவர் மாமாவிடம் தொழில் பழகியவராக இருக்கவேண்டும்.

அலுவலகத்தில் என்கூட வேலை பார்க்கும் பெண் எதுவும் கேட்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கண்ணில் வைத்தாள். மத்தியானத்துக்குள் கண் திறந்துவிட்டது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆறாவதாக ஒரு கட்சியை வீடு தாங்காது.

அந்த நாட்களில் அத்தை என்னை நடத்தியது இருக்கிறதே! குனியாதே, தூக்காதே, பப்பாளியைக் கண்ணால்கூடப் பார்க்காதே. நான் ஹாலில் உட்கார்ந்தால் ஃபேன் ஒன்றில் ஓடுகிறதே என்று மாமா பேப்பரை மடித்து விசிறுவார். அவருக்குக் கை வலித்தால் என் கணவர். பரணிலிருந்து என் பிறந்த வீட்டு இட்லிக் கொப்பரை இறங்கியது. "ஒங்க அம்மா குடுத்ததுல சாப்பிட்டா ஒடம்புல ஒட்டும்" என்றார் அத்தை. நான் வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன். ஒரு சாயங்காலம் யாருமில்லாதபோது நானே கதவுக்குப் பின்னால் போய் அந்தக் கூட்டைப் பார்த்தேன். சிவப்பு பாதி, கறுப்பு பாதி. குளவி ஒரு மண் உருண்டையைக் காலில் பிடித்துக்கொண்டு வந்து ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தது. "இரு, பொறுமையாக் கட்டு" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

ரெண்டு நாள் என்றது ஒரு வாரமானது. அந்த வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், கழிப்பறையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அழுதேன். இல்லாத ஒன்றுக்காக அப்படி அழுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. பிறகு கோபம் வந்தது. குளவி மேல், குப்பைமேனி மேல், கண்டக்டர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கணக்கைப் பார்த்தேன். கூட்டல் எதுவும் சரியாக வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸிலும் அதே கண்டக்டர். "எந்திரிங்க, எந்திரிங்க, மாசமா இருக்கு!" நான் என்ன சொல்வது? வயிறு பிசைந்து பிசைந்து வலித்தது, நிற்கமுடியவில்லை. எழுந்தவருக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தேன். அன்று சுண்ணாம்பு வைத்தாயா என்று கேட்ட அதே அம்மா கையில் ஒரு ஆரஞ்சைத் திணித்தார். உரித்துத் தின்றேன். புளிப்பு தாங்கவில்லை.

வீட்டுப்படி ஏறும்போது அத்தை வாசலிலேயே நின்றார். கையில் பாயசக் கிண்ணம். வெள்ளிக்கிழமையாம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அத்தே, நான் தலைக்கு ஊத்திக்கணும்."

அத்தைக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. கிண்ணத்தை டி.வி. மேசை மேல் வைத்தார். என்ன சொல்வாரோ என்று பயந்து நின்றேன். ராசி, தோஷம், வேலைக்குப் போகிற பெண், பஸ் குலுக்கல், எல்லாவற்றுக்கும் மனதுக்குள் பதில் தயார் செய்துவிட்டேன். வழி நெடுக அதைத்தானே செய்துகொண்டு வந்தேன். அவர் நேரே அடுப்படிக்குப் போய்த் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னடி பண்ணப் போற?" என்று மாமா எழுந்தார்.

அத்தை கதவுக்குப் பின்னால் போய், சுவிட்ச் பெட்டியின் மேல் தோசைத் திருப்பியை வைத்து ஒரே சுரண்டு. தீய்ந்த தோசையைப் பெயர்க்கிற மாதிரி. கூடு பொலபொலவென்று தரையில் விழுந்தது. செம்மண்ணும் கரிய மண்ணும், நடுவில் நாலைந்து பச்சைப் புழுக்கள். இத்தனை நாள் நாங்கள் வெயிலில் வெந்து காவல் காத்தது குளவிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு.

"அது புள்ளைக்கு அது கட்டுன வீடு" என்றார் அத்தை. "நமக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

எனக்குக் குளவியைப் பார்த்தும் பாவமாக இருந்தது. ஆனால் குளவி பாவம் பார்க்கவில்லை. அத்தையின் உள்ளங்கையில் கொட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பறந்துபோனது.

"ஸ்ஸ்..." என்று கையை உதறிக்கொண்டே அத்தை அடுப்படிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தேன்.

"அது வேணாம்" என்றார். "வெங்காயத்த வெட்டுத்தா."

சரியாகத்தான் கேட்டேனா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் அரிவாள்மனைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார், உள்ளங்கையை என் பக்கமாக நீட்டிக்கொண்டு. கண் கலங்கியிருந்தது. நான் ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து நறுக்கித் தேய்த்தேன்.

"இன்னொண்ணு வெட்டு" என்றார்.

வெட்டினேன். "இன்னும்" என்றார். ஒரு கொட்டுக்கு அரை வெங்காயம் போதும். நாங்கள் ஒரு முறம் நிறைய வெட்டினோம். இருவர் கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்ற மாமா, "வெங்காயம் ரொம்பக் காரம் போலருக்கு" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போனார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை.

"எறங்குச்சுங்களாத்தே?"

"எறங்குது" என்றார். "ஒங்க ஊரு வைத்தியமும் பரவாயில்லதான்."

அப்புறம் அவர் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், ஹாலில் ரெகுலேட்டரைப் பிடித்து ஐந்தில் திருகினார். ரெண்டு மாதமாக ஊர்ந்துகொண்டிருந்த ஃபேன் சட்டென்று வேகமெடுக்கவும், இறக்கையில் இருந்த தூசு மொத்தமும் மாமாவின் மேலும் பாயசத்தின் மேலும் விழுந்தது. காலண்டர் படபடத்தது. அப்படி ஒரு காற்றை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. அன்று இரவு வெங்காயச் சாம்பார், வெங்காயப் பொரியல், வெங்காயத் தோசை.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா வந்தார். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவர் காலியாக இருந்தது. திரும்பி என் வயிற்றுக்குக் கண்ணைக் கொண்டுவருவதற்குள் அத்தை நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"ஃபேன் அஞ்சுல ஓடுது. உக்காந்து காத்து வாங்கிட்டுப் போ. வேற ஒண்ணும் பாக்குறதுக்கு இல்ல இங்கிட்டு."

அக்கா உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுப் போனார். ஆலங்குடி அத்தை போனில், "எல்லாரும் வாந்தி எடுப்பாங்கதான், இவ எடுத்தது வேற மாதிரி இருந்துச்சு" என்று சொன்னதாகக் கேள்வி. கண்டக்டருக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. சீட்டு கிடைத்துக்கொண்டிருந்தது, நானும் சொல்லவில்லை.

ஆடிக் காற்றெல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் காலை, போலீஸ் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமா நெடுநாள் கழித்து ஸ்கூட்டரில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார். மாட்டின வேகத்திலேயே கழற்றி எறிந்தார். வழுக்கைத் தலையில் நட்டநடுவில் கொட்டு. ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். புத்தம் புதிதாக, நல்ல செம்மண்ணில், உருண்டையாக ஒரு கூடு.

மாமா தலையைப் பிடித்துக்கொண்டு, "சாவி, சாவி" என்று குதித்தார். அத்தை அசையவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருந்த கூட்டை நிதானமாகப் பார்த்தார். பிறகு கண்ணைத் திருப்பி மாமாவின் வயிற்றைப் பார்த்தார். சட்டைப் பித்தான் விடுபடுகிற அந்தப் பெரிய வயிற்றை, எதிர்வீட்டு அக்கா என்னுடையதைப் பார்க்கிற மாதிரியே, மேலிருந்து கீழாக ஒருமுறை. அதற்கப்புறம்தான் முகத்துக்கு வந்தார்.

"இங்கிட்டு வாத்தா" என்று என்னைக் கூப்பிட்டார். "ஆலங்குடிக்கு ஒரு போனப் போடு. இவருக்கும் குப்பமேனிச் சாறு குடுத்துப் பாப்போம். வாந்தி எடுத்தா உறுதி."